அபாயப் பொருட்கள்: அறிந்திருப்பதே முதல் பாதுகாப்பு

நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் இரசாயனத் தொழில் வகிக்கும் இடம் பெரிது. நகராட்சிகளின் குடிநீரில் நோய்க்கிருமிகளைக் கொல்வது குளோரின். யூரியா உரத்துக்கு மூலப்பொருளாக அமைவது அம்மோனியா. உருளைக்கிழங்கையும் மீனையும் கெடாமல் காக்கும் குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றின் குழாய்களில் ஓடுவதும் அதுவே. கோடிக்கணக்கான தாய்மார்களை விறகு அடுப்பின் புகையிலிருந்து விடுவித்தது சமையல் எரிவாயு. இம்மூன்றும் மக்கள் வாழ்வுக்குப் பெருந்தொண்டு புரிகின்றன. இம்மூன்றும் சட்டத்தின் பார்வையில் அபாயப் பொருட்களாகவும் விளங்குகின்றன.

எனவே, அபாயப் பொருட்களை அறவே விலக்கிவிடலாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனையாகும். அவற்றைப் பயன்படுத்திக்கொண்டே, அவற்றால் தீங்கு நேராமல் வாழ்வது எங்ஙனம் என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி. இதற்குத் தேவையான சாதனங்களுள் மிகவும் மலிவானதும், மிகவும் புறக்கணிக்கப்படுவதும் ஒன்றே. அந்தப் பொருளைப் பற்றிய செய்தி, அதன் அருகில் இருக்கும் கடைசி மனிதன் வரை சென்று சேர்தல் என்பதே அது. இந்தக் கருத்தை ஒட்டி, அபாயப் பொருட்களின் தன்மையையும், அவை பற்றிய சட்டங்களின் வரலாற்றையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

எது அபாயப் பொருள்?

1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் இதற்கு விரிவான இலக்கணம் வகுத்துள்ளது. தன் இரசாயன அல்லது பௌதிக இரசாயனப் பண்புகளாலோ, கையாளப்படும் முறையாலோ, மனிதர்களுக்கும் பிற உயிரினங்களுக்கும் தாவரங்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் சொத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கு விளைவிக்கக்கூடிய எப்பொருளும் அபாயப் பொருளாகும் என்பது அதன் சாரம். 'கையாளப்படும் முறை' என்ற சொற்கள் கவனத்திற்குரியவை. அபாயம் பொருளின் இயல்பில் பாதி, நம் நடத்தையில் பாதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, பொருளின் இயல்பு. இரண்டாவது, ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் அளவு. மூன்றாவது, அது எந்த நிலையில், எந்த வெப்பத்தில், எந்தப் பாத்திரத்தில், எவற்றின் அருகில் இருக்கிறது என்பது. நான்காவது, அதன் எல்லைக்குள் எத்தனை மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள் எதை அறிந்திருக்கிறார்கள் என்பது. முதல் கூற்றை நாம் மாற்ற இயலாது. மற்ற மூன்றும் மனிதர் கையில் உள்ளவை.

ஒன்பது வகுப்புகள்

உலக நாடுகள் அனைத்தும் போக்குவரத்தின்பொருட்டு அபாயப் பொருட்களை ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரைப்படி ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து வழங்குகின்றன. வெடிபொருட்கள் முதல் வகுப்பு. அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயுக்கள் இரண்டாவது. பெட்ரோல் போன்று தீப்பற்றும் திரவங்கள் மூன்றாவது. தீப்பற்றும் திடப்பொருட்கள், தாமாகவே தீப்பற்றுபவை, நீர் பட்டால் எரியும் வாயுவை வெளியிடுபவை ஆகியவை நான்காவது. பிறவற்றின் எரிதலைத் தூண்டும் ஆக்சிஜன் வழங்கிகள் ஐந்தாவது. நச்சுப் பொருட்களும் நோய் பரப்பும் பொருட்களும் ஆறாவது. கதிரியக்கப் பொருட்கள் ஏழாவது. கந்தக அமிலம் போன்ற அரிக்கும் பொருட்கள் எட்டாவது. இவற்றில் அடங்காத பிற அபாயங்கள் ஒன்பதாவது.

இந்தப் பாகுபாடு ஏட்டளவில் நிற்பதற்காக ஏற்பட்டதன்று. எந்தப் பொருளை எதனோடு சேர்த்து வைக்கலாகாது, தீப்பற்றினால் எதைக் கொண்டு அணைக்க வேண்டும் என்பன இதிலிருந்தே பெறப்படுகின்றன. தீ என்றவுடன் நீரை ஊற்றுவது நம் இயல்பு. ஆனால் கால்சியம் கார்பைடு நான்காவது வகுப்பைச் சேர்ந்தது; நீர் பட்டவுடன் அது அசிட்டிலீன் என்னும் எளிதில் தீப்பற்றும் வாயுவை வெளியிடும். 2025 மே மாதத்தில் கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது, அதிலிருந்த பெட்டகங்கள் சிலவற்றில் இப்பொருள் இருந்தது. கரை ஒதுங்கும் பெட்டகங்களை நெருங்கவோ தொடவோ கூடாது என்று மீனவ மக்கள் எச்சரிக்கப்பட்டனர். உள்ளே இருப்பது இன்னது என்ற பட்டியல் கையில் இருந்ததால் அவ்வாறு எச்சரிக்க முடிந்தது.

சேரக்கூடாதவை சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருட்களும், அவற்றோடு ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பற்றிய தீ வெடிபொருட்களை எட்டியது. அரைமணி நேர இடைவெளியில் இரு பெரும் வெடிப்புகள் நிகழ்ந்து, துறைமுகமும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் அழிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உயிர் நீத்த தீயணைப்பு வீரர்கள் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 இன்றும் தீயணைப்புப் பணி நாளாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது.

கண்ணும் மூக்கும் போதா

பாம்பைக் கண்டால் விலகுகிறோம். நெருப்பின் சூட்டை உணர்ந்தால் கையை இழுத்துக்கொள்கிறோம். இயற்கை நமக்கு அளித்த எச்சரிக்கை இத்தகையது. தொழில் யுகத்தின் அபாயங்கள் பலவற்றுக்கு இந்த எச்சரிக்கை பயன்படுவதில்லை. கதிரியக்கத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாக்கடைக் குழிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு கூடியவுடன் முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நம்பிக் குழிக்குள் இறங்குபவர் மயங்கி வீழ்கிறார். அவரை மீட்க இறங்கும் தோழரும் வீழ்கிறார். கழிவுநீர்க் குழிகளில் இரண்டு மூன்று பேர் ஒருங்கே உயிரிழக்கும் செய்திகளின் பின்னால் பல சமயங்களில் இருப்பது இதுவே.

இயற்கை எச்சரிக்காதபோது மனிதனே எச்சரிக்கையை உண்டாக்க வேண்டும். சமையல் எரிவாயு அதற்கு நல்ல உதாரணம். அதற்கு இயல்பில் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. கசிவை இல்லத்தரசி உடனே அறிந்துகொள்ளும்பொருட்டு, எதில் மெர்காப்டன் என்னும் கடும் நாற்றமுள்ள பொருள் அதில் மிகச் சிறிதளவு வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் தரையோடு தங்கும். நாற்றம் கண்டவுடன் மின்விசையைத் தொடாமல், கதவையும் சன்னலையும் திறந்து, ரெகுலேட்டரை மூட வேண்டும் என்பது இன்று ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் தெரியும். 14.2 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டர் ஒன்று அடுக்களையில் அச்சமின்றி நிற்பதற்கு அதன் இரும்புச் சுவர் மட்டும் காரணமன்று. அந்த நாற்றமும், அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தே காரணம். எழுத்தறிவு இல்லாதவரையும் எட்டிய பாதுகாப்புச் செய்தி இது. மற்ற அபாயப் பொருட்களைப் பற்றியும் இவ்வாறு ஏன் சொல்ல முடியவில்லை என்பதே சிந்திக்கத்தக்கது.

போபால் கற்பித்தது

1984 டிசம்பர் 2 இரவு விடிந்து 3 ஆவதற்குள் போபாலில் நிகழ்ந்தது உலகின் மிகப் பெரிய தொழில் விபத்து எனக் கருதப்படுகிறது. யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், மெதில் ஐசோசயனேட் சேமித்து வைத்திருந்த தொட்டி ஒன்றினுள் நீர் புகுந்தது. நீரும் அப்பொருளும் வினைபுரிந்து வெப்பம் பெருகியது. சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும் இத்திரவம், அழுத்தம் தாங்காமல் வாயுவாகப் பீறிட்டது. ஏறத்தாழ 40 டன் நச்சுப் பொருள் வெளியேறியது. காற்றைவிடக் கனமான அந்த வாயு மேலே எழுந்து கலையாமல், உறங்கிக்கொண்டிருந்த குடிசைப் பகுதிகளின் மீது படிந்தது.

தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் கோபுரமும், எரித்து அழிக்கும் கோபுரமும் உரிய வேளையில் பயன்படவில்லை. இவை தொழில்நுட்பத் தவறுகள். இவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இவற்றுக்குச் சற்றும் குறையாத மற்றொரு தவறு உண்டு. சுற்றி வாழ்ந்த மக்களுக்கு அத்தொழிற்சாலையில் உள்ள பொருள் இன்னது என்று தெரியாது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. மூச்சிரைக்க ஓடியவர்கள் நச்சுக்காற்றை மேலும் மிகுதியாக உள்ளிழுத்தனர். மருத்துவமனைக்கு வந்து குவிந்தவர்களுக்கு எந்த நஞ்சுக்கு என்ன சிகிச்சை அளிப்பது என்பதில் மருத்துவர்களுக்கே தெளிவு இல்லை.

ஈரத்துணிக்கு விலை ஏதும் இல்லை. அதைப் பற்றிய ஒரு துண்டறிக்கைக்குச் சில காசுகள் ஆகும். அந்தச் செலவு செய்யப்படாத நகரத்தில், பின்னாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்கும், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உடல் பாதிப்புகளுக்கும் இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

சட்டங்களின் வளர்ச்சி

போபாலுக்கு ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று தலைநகர் தில்லியிலேயே ஸ்ரீராம் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓலியம் என்னும் அமில வாயு கசிந்தது. அது தொடர்பான வழக்கில், தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையில் அமைந்த உச்ச நீதிமன்ற அமர்வு 1986 டிசம்பரில் அளித்த தீர்ப்பு ஒரு மைல்கல்லாகும். அபாயகரமான தொழிலை நடத்தும் நிறுவனம், அதனால் விளையும் தீங்குக்கு எவ்வித விலக்கும் இன்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தொடர்ந்து, 1987 இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான பணிமுறைகள் பற்றிய விவரங்களைத் தொழிலாளர்களுக்கும், உள்ளாட்சி அமைப்புக்கும், சுற்றுப்புற மக்களுக்கும் வெளியிடுவது நிருவாகத்தின் கட்டாயக் கடமை என்று அத்திருத்தம் கூறியது. தொழிற்பாதுகாப்பு பற்றிய 2020 ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் இந்தக் கடமையைத் தன்னுள் ஏற்றுள்ளது.

1989 ஆம் ஆண்டில் அபாய இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வெளியாயின. எந்தப் பொருள் எந்த அளவைத் தாண்டினால் பெருவிபத்து அபாயம் உண்டு என்று இவ்விதிகள் பட்டியலிட்டன. குளோரினுக்குத் தொடக்க வரம்பு 10 டன். மெதில் ஐசோசயனேட்டுக்கு 150 கிலோ மட்டுமே. போபாலில் வெளியேறிய அளவோடு இதை ஒப்பிட்டால், அன்று அங்குச் சேமித்து வைத்திருந்தது எத்துணை மிகை என்பது விளங்கும். வரம்பைத் தாண்டும் தொழிற்சாலை தன் வளாகத்துக்குள் நெருக்கடித் திட்டம் வகுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வளாகத்துக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தை மாவட்ட நிருவாகம் வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

1991 இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மீது சுமத்தாமல், உடனடி நிவாரணம் வழங்க இது வழி செய்தது. 1996 ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகள், மத்திய அளவிலிருந்து உள்ளூர் அளவு வரை நெருக்கடிக் குழுக்களை அமைக்கப் பணித்தன.

செய்தி ஏன் சென்று சேர்வதில்லை?

சட்டங்கள் இவ்வளவு இருந்தும் விபத்துகள் ஓயவில்லை. 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி பரவிப் பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். ஸ்டைரீன் சாதாரண வெப்பத்தில் வெறும் திரவம். 145 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் தன்னோடு தானே இணைந்து இறுகும் இயல்பு அதற்கு உண்டு. அந்த வினை வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்தும். அதைத் தடுக்கும் பொருளைப் போதிய அளவு கலந்து, தொட்டியைக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்க வேண்டும். ஊரடங்குக் காலத்தில் தொழிற்சாலை ஓடாமல் நின்றிருந்தது. தொட்டியில் பொருள் இருந்தது. பொருளுக்கு ஊரடங்கு இல்லை. வினை முற்றி ஆவி வெளிவந்தபோது மக்களை எழுப்ப வேண்டிய அபாயச் சங்கு ஒலிக்கவில்லை.

2010 இல் தில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்தது வேறு வகையானது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி, பழைய பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் இருப்பது இன்னது என்று அறியாத தொழிலாளர்கள் அதை உடைத்துப் பிரித்தனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். கருவியை வாங்கியபோது அதன் தன்மையை அறிந்தவர்கள் இருந்தனர். அவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றதோடு அந்த அறிவும் சென்றுவிட்டது. பொருள் மட்டும் தங்கியது.

இதற்குப் பொருளாதார இயல் தரும் விளக்கம் எளியது. ஒரு பொருளின் அபாயத்தை அறிந்தவர், அதை வைத்திருப்பவரே. அதை அண்டையாருக்கு அறிவிப்பதால் அவருக்கு உடனடி இலாபம் ஏதும் இல்லை. கேள்விகளும் எதிர்ப்பும் செலவும் வரலாம். விபத்து நேர்ந்தாலோ, இழப்பின் பெரும்பகுதி அவர் கணக்கேட்டில் ஏறுவதில்லை. அண்டையாரின் நுரையீரலிலும், அரசு மருத்துவமனையின் செலவிலும், அனாதைகளான குழந்தைகளின் எதிர்காலத்திலும் ஏறுகிறது. தன் செலவைப் பிறர் தலையில் சுமத்த முடிகிற இடத்தில், சந்தை தானாகவே எச்சரிக்கை செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. போபால் ஆலையில் எஞ்சிய நச்சுக் கழிவில் 337 டன், நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 இல்தான் பிதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பொதுப் பணத்தில் எரிக்கப்பட்டது. முழுப் பொறுப்புக் கொள்கையும், கட்டாயக் காப்பீடும், கட்டாய அறிவிப்பும் அச்செலவை உரியவர் கணக்கிலேயே சேர்ப்பதற்கான கருவிகள். தொழில் வளர்ச்சிக்கு இவற்றைத் தடைகளாகக் கருதுவது பிழை.

சாலையில் செல்லும் செய்தி

தொழிற்சாலை ஓரிடத்தில் நிற்பது. டாங்கர் லாரி நம் அனைவரின் வாசலையும் கடந்து செல்வது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயப் பொருள் ஏற்றிய வண்டியில் தகவல் பலகை பொருத்த வேண்டும் என்று விதிக்கின்றன. பொருளின் சரியான பெயர், ஐக்கிய நாடுகள் சபை வழங்கிய எண், வகுப்பைக் காட்டும் சாய்சதுரக் குறி, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஓட்டுநர் இந்திய மொழி ஒன்றில் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், தனிப் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைக் கூறும் அட்டை அவரிடம் இருக்க வேண்டும்.

பெட்ரோல் லாரியின் பின்புறத்தில் 1203 என்ற எண்ணைப் பலரும் பார்த்திருப்பர். அது உலகெங்கும் பெட்ரோலைக் குறிப்பது. அதனருகில் '3 ஒய் ஈ' என்ற குறியீடு காணப்படும். நுரையைக் கொண்டு தீயை அணைக்க வேண்டும் என்பதை 3 என்ற எண் காட்டும். சிந்திய திரவத்தைச் சாக்கடையில் ஓடவிடாமல் தேக்க வேண்டும், மூச்சுக் கருவி அணிய வேண்டும் என்பவை நடு எழுத்தில் அடங்கும். மக்களை அப்புறப்படுத்துவது குறித்து ஆலோசிக்க வேண்டும் என்பது கடைசி எழுத்தின் பொருள். மூன்றே குறிகளில் தீயணைப்பு வீரருக்குத் தேவையான முதல் கட்டளைகள் அடங்கிவிடுகின்றன. சமையல் எரிவாயுவுக்கு 1075, குளோரினுக்கு 1017, அம்மோனியாவுக்கு 1005 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. புழுதி படிந்தும், வண்ணம் உதிர்ந்தும், சென்ற முறை ஏற்றிய சரக்கின் எண்ணைத் தாங்கியும் செல்லும் பலகை, எழுதாத பலகையைவிட ஆபத்தானது. அது மீட்க வருபவரைத் தவறான வழியில் செலுத்தும்.

இத்தகைய விபத்தில் பொதுமக்கள் செய்ய வேண்டியவை மிகச் சில. தொலைவிலேயே நின்று எண்ணையும் குறியையும் படிக்க இயலுமாயின் படித்து, 112 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்கு விலக வேண்டும். பீடி, அடுப்பு, வண்டி எஞ்சின் எதையும் பற்றவைக்கலாகாது. சிந்திய எண்ணெயைக் குடத்தில் பிடிக்கச் செல்லவே கூடாது. 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் மோதலுக்குள்ளான எரிவாயு லாரியிலிருந்து பரவிய வாயு தீப்பற்றியபோது, அச்சாலையில் வந்துகொண்டிருந்த பல வண்டிகளும் சேர்ந்து எரிந்தன. வாயு கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்பதில்லை.

வீட்டிலும் ஊரிலும்

அபாயப் பொருள் என்றதும் பெரிய ஆலைகளை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். இரண்டும் சேர்ந்தால் அழுக்கு விரைவில் போகும் என்று எண்ணி மூச்சுத்திணறலுக்கு ஆளாவோர் உண்டு. குளிர்பானப் புட்டியில் அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ பூச்சிமருந்தையோ ஊற்றி வைப்பது, பொருளை அதன் அடையாளத்திலிருந்து பிரிப்பதாகும். மாயாபுரியில் நிகழ்ந்ததும் ஒருவகையில் இதுவே.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் செய்யக்கூடியது மிகுதி. தம் எல்லைக்குள் உள்ள குளோரின் கிடங்கு, பனிக்கட்டி ஆலை, எரிவாயுக் கிடங்கு, பூச்சிமருந்துக் கிடங்கு ஆகியவற்றின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எங்கே, எது, எவ்வளவு என்பதை எழுதி வைக்கலாம். அப்பொருளுக்குரிய பாதுகாப்புக் குறிப்பை உள்ளூர் மொழியில் கேட்டுப் பெற்று, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளியிலும் ஒட்டலாம். மாவட்டத்தின் வெளிவளாக ஒத்திகை ஆலைக்குள் அதிகாரிகள் மட்டும் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சியாக முடியாமல், மதிலுக்கு அப்பால் குடியிருப்பவர்களும் பங்குபெறும்படி செய்யுமாறு வற்புறுத்தலாம். சங்கு ஒலித்தால் எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை அங்குள்ள ஒரு சிறுவன் சொல்லக் கூடுமாயின், அத்திட்டம் உயிருள்ள திட்டமாகும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் விளக்கக் குறிப்பில், பெருவிபத்து அபாயம் உடைய 1,861 தொழிலகங்கள் 301 மாவட்டங்களில் பரவியிருப்பதாகக் கூறுகிறது. அபாயம் ஒரு சில பெருநகரங்களின் பிரச்சினை அன்று என்பது இதனால் புலப்படும். தொழில்கள் மேலும் பெருகும், பெருகவும் வேண்டும். அவற்றின் மதில்களை ஒட்டி வாழ்பவர்கள் பெரும்பாலும் ஏழை மக்கள். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடம் அதுவே என்பதால் அங்குக் குடியேறியவர்கள். மதிலுக்கு உள்ளே இருப்பது என்ன என்று அறியும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கு அளித்திருக்கிறது. அதை அவர்கள் மொழியில், அவர்கள் வாசலில் கொண்டு சேர்ப்பது நிருவாகத்தின் கடமை. கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை.